சூசைக்குக் கிடைக்காத பெட்டிக்கடை

சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்பு தைத்துப் பிழைத்தவர் சூசை. 1980களின் தொடக்கத்தில், இவரைப் போல ரோட்டோரத்தில் வெயிலிலும் மழையிலும் தொழில் செய்யும் பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று வந்தது. சூசை ஆதிதிராவிடர். அதே தொழில் செய்த ஆதிதிராவிட இந்துக்களுக்குக் கடை கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. அவர் கிறிஸ்தவர் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

ஒரு பெட்டிக்கடைக்காக அவர் உச்சநீதிமன்றம் வரை போனார். 1983ல் வழக்கு. 1985 செப்டம்பரில் தீர்ப்பு. தோற்றார். பட்டியல் சாதி உரிமை பற்றிப் பேசும் சட்ட மாணவர் எல்லோரும் 'சூசை எதிர் இந்திய ஒன்றியம்' என்று இந்த வழக்கைப் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். ஒருவர் கிறிஸ்தவராக மாறிய பிறகும் அவருடைய சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்து சமூகத்தில் அந்தச் சாதிக்காரருக்கு இருந்த இழிவும் இயலாமையும் அதே கொடுமையோடு புதிய மதத்திலும் தொடர்கின்றன என்று காட்ட வேண்டும். அதற்குப் போதுமான சான்று எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

சான்று இல்லையாம். தமிழ்நாட்டில் பிறந்த ஒரு தலித் கிறிஸ்தவப் பிள்ளைக்கு இதைப் படிக்கும்போது சிரிப்புத்தான் வரும். எங்கள் ஊர்ப் பக்கம் சான்றின் மேல்தான் நாங்கள் நடந்து போகிறோம். கல்லறைத் தோட்டத்தில் போய்ப் பார்த்தால் தெரியும்.

அப்படியென்றால் அந்தச் சான்று ஏன் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரவில்லை? அது யார் கையில் இருந்தது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

நான் சமூகப் பணியில் இருப்பதால் சாதிச் சான்றிதழ் சிக்கலோடு வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். கல்லூரி விண்ணப்பம் திறக்கும் மாதங்களில் இது கூடுதலாக இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொரு பெயர். வெளியே செல்வி, உள்ளே ஆரோக்கியமேரி. கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வரும் நாளில் சுவரிலிருந்து இயேசு படத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்த வீடுகள் உண்டு. "சர்ச்சுக்குப் போவீங்களாம்மா?" என்று அவர் கேட்பார். "எப்பவாச்சும் வேளாங்கண்ணிக்கு" என்று அம்மா சொல்வார். வேளாங்கண்ணிக்கு எல்லோரும்தானே போகிறார்கள், அது பாதுகாப்பான பதில். அந்த அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறவர். தன் நம்பிக்கையைத் தன் வாயாலேயே மறுதலித்துவிட்டு, ராத்திரி அதற்கும் சேர்த்து ஒரு ஜெபமாலை சொல்வார்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, இது பொய்யா? பாவமா?" பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவமா என்பது அவள் கேள்வி. சட்டப்படி கேட்டால் என்னிடம் ஒரு பதில் இருக்கும், வேதப்படி கேட்டால் வேறொரு பதில் இருக்கும். நான் சொன்னது வரலாற்றுப்படி. இந்த இரண்டு பெயரை உனக்கு வைத்தது உன் அம்மாவும் இல்லை, நீயும் இல்லை என்று சொல்லத் தொடங்கினால், அது முந்நூறு வருடக் கதையாக நீளும்.

1704ல் ரோமிலிருந்து வந்த தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இருந்தபடி ஒரு ஆணை போட்டார். நம் பக்கத்துக் கத்தோலிக்கத் துறவிகள் மேல்சாதி ஆசாரங்களோடு சமரசம் செய்துகொண்டது பற்றிய நீண்ட சண்டையின் ஒரு கட்டம் அது. 'மலபார் சடங்குகள்' சண்டை என்று சபை வரலாற்றில் சொல்வார்கள். ஆணையில் ஒரு பகுதி பறையர்களைப் பற்றியது. சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குருக்கள் நேரில் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்றது அது. இப்படி ஆணை போட வேண்டியிருந்தது என்பதிலேயே நிலைமை தெரிகிறது. அதுவரை போகவில்லை. சேரிக்குள் கால் வைத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அந்தச் சாமியாரிடம் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற பயம்.

நாற்பது வருடம் இழுபறி. 1744ல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணை கொடுத்தார். அதிலும் ஒரு சமரசம் இருந்தது: பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை ஒதுக்கிக்கொள்வது என்ற சேசு சபையாரின் ஏற்பாட்டை ரோம் ஏற்றுக்கொண்டது. தனிக் குளம், தனிச் சுடுகாடு மாதிரி தனிச் சாமியார். பாப்பரசரின் முத்திரையோடு ஏட்டில் இருக்கும் சான்று இது. 1985ல் நம் நீதிபதிகளுக்கு இதைக் காட்ட ஆளில்லை.

புராட்டஸ்டண்டுகள் தாங்கள் வேறு என்பார்கள். அதையும் பார்க்கலாம். 1733ல் தரங்கம்பாடியில் ஆரோன் என்பவர் குருவாக அபிஷேகம் பெற்றார். இந்திய லுத்தரன் சபையின் முதல் உள்ளூர்க் குரு, வேளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பக்கம் இராஜநாயக்கன் என்றொருவர் உபதேசியாராக இருந்தார். தஞ்சை அரசரின் படையில் வேலை பார்த்த பறையர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு கையில் கிடைத்து, அதைப் படித்ததால் இந்தப் பக்கம் வந்தவர். இருபதுகளில் இருந்த ஒரு படைவீரன், தானே வாசித்து, தானே யோசித்து எடுத்த முடிவு. 'சோற்றுக்கு மதம் மாறியவர்கள்' என்று நம்மைப் பார்த்து இன்றைக்கும் சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு மனிதரைக் காட்டினால் போதும். அவரைக் குருவாக்கலாமா என்ற பேச்சு வந்தபோது மிஷனரிகள் பின்வாங்கினார்கள். பறையர் கையால் வேளாளர் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

நூறு வருடம் கழித்து, 1833ல், கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனடியாக, முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அது வாசிக்கப்பட்டதும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகக் கோயிலைவிட்டு வெளியேறினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை நிறுத்தினார்கள். சாதியைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்ட வேறு மிஷனுக்குப் பலர் பின்னாளில் போய்ச் சேர்ந்தார்கள். கிறிஸ்துவை விடவில்லை, சாதியையும் விடவில்லை, மாற்றியது மிஷனைத்தான்.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872ல் கட்டிய கோயிலை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டு கூடமாகப் பிரியும். ஒரு பக்கம் வேளாளர் தரப்பு, மறுபக்கம் நாடார் தரப்பு. 1910ல் கௌசானல் அடிகளார் உள்ளே இருந்த தடுப்பை இடித்தார். வேளாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அது தலித்துகளின் வழக்கு இல்லைதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: கோயிலுக்குள் சாதிப்படி பிரிந்து உட்காரும் உரிமையைக் கேட்டு ஆவணம், சாட்சி என்று எல்லாவற்றோடும் கிறிஸ்தவர்கள் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள், சூசைக்கு எழுபது வருடம் முன்பே. சான்று இல்லாமல் இல்லை.

சபைக்குள் இப்படி. அரசியலில் என்ன நடந்தது என்பதைப் பெரும்பாலும் 1950லிருந்து சொல்கிறோம். குடியரசுத் தலைவர் ஆணை, 1950 ஆகஸ்ட் 10, மூன்றாவது பத்தி; இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். ஆகஸ்ட் 10 கறுப்பு நாள் என்று வருடா வருடம் கறுப்புக் கொடி பிடிக்கிறோம். நானும் பிடித்திருக்கிறேன். ஆனால் கதை அதற்கும் முன்னால் தொடங்குகிறது, அதில் வெள்ளைக்காரருக்கும் நம் சபைப் பெரியவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

'பட்டியல் சாதி' என்ற சொல் சட்டத்தில் வந்தது 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில். அடுத்த வருடம் வந்த பட்டியல் ஆணையிலேயே, 'இந்தியக் கிறிஸ்தவர்' யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று எழுதிவிட்டார்கள். ஏன்? அந்தச் சட்டத்தில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி இருந்தது. ஒரே ஆள் இரண்டு கணக்கில் வரக்கூடாது என்ற கணக்குப்பிள்ளை நியாயம். சரி, அந்தத் தனித் தொகுதியில் தலித் கிறிஸ்தவருக்கு என்ன கிடைத்தது? அன்றைக்கு வாக்குரிமை சொத்தையும் படிப்பையும் வைத்து. சேரியிலிருந்து வந்த பண்ணையாளுக்கு இரண்டும் கிடையாது. ஆக, தலையை எண்ணும்போது நாம் கிறிஸ்தவர், இடத்தைப் பங்கிடும்போது காணாமல் போனோம்.

பிறகு சுதந்திரம் வந்தது. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபை, மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிட்டது. கிறிஸ்தவப் பிரதிநிதிகள் அதை மனமுவந்து ஏற்றார்கள். சிறுபான்மையினர் குழுவுக்குத் தலைமை வகித்த எச்.சி. முகர்ஜி கிறிஸ்தவர். சென்னையிலிருந்து போயிருந்த சேசு சபைக் குரு ஜெரோம் டிசோசாவும் ஆதரித்துப் பேசினார். தேச ஒற்றுமைக்காகச் செய்த தியாகம் என்று அதைச் சபை வரலாறுகளில் பெருமையாக எழுதுகிறார்கள். அந்தப் பெரியவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பிரிவினை முடிந்த சூட்டில் ஒரு சிறுபான்மையாகத் தங்களை நல்லவர்களாகக் காட்டிக்கொள்ள அவர்கள் விட்டுக்கொடுத்தது யாருடைய பங்கு? கல்லூரியும் மருத்துவமனையும் கையில் வைத்திருந்தவர்களுக்கு அந்த இடங்கள் இல்லாமலும் வாழ்க்கை இருந்தது. தங்கள் மந்தையில் பாதிக்கு மேல் தீண்டாமைக்கு ஆளானவர்கள் என்பதை அந்த மன்றத்தில் அவர்கள் அழுத்திச் சொல்லியிருந்தால், பதினைந்து மாதம் கழித்து வந்த அந்த மூன்றாவது பத்தியை எழுதுவது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. சொன்னால் 'உங்கள் மதத்திலும் தீண்டாமையா?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் அன்றும் இன்றும் சபைத் தலைமை நடுங்குகிறது.

டாக்டர் அம்பேத்கர் இதையெல்லாம் முன்பே பார்த்தார். இந்தியக் கிறிஸ்தவர்களிடம் சாதி அப்படியே இருப்பதையும், மதம் மாறிய தீண்டப்படாதவர்கள் தங்கள் உரிமைக்காக அரசியலில் திரளாமல் இருப்பதையும் அவர் கடுமையாக எழுதியிருக்கிறார். நம் சபைப் படிப்பு வட்டங்களில் அந்தக் கட்டுரைகளை வாசிப்பது குறைவு. வாசியுங்கள். கோபம் வரும், பிறகு வெட்கம் வரும்.

இப்போது தமிழ்நாட்டு நிலை. நம் மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஒரு பதிவு இருக்கிறது: பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவ மதத்துக்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறைக்கு முன்பு மாறியிருந்தாலும். இந்தச் சொற்றொடரைக் கூர்ந்து பாருங்கள். ஏழு தலைமுறை ஆனாலும் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது அரசுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் உரிமை என்று வரும்போது பிற்படுத்தப்பட்டோருக்கான பொதுப் போட்டியில், நிலம் வைத்திருக்கும் சாதிகளோடு நிற்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கிடையாது. உங்களைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்தவன், நீங்கள் என்ன சாதி என்று தெரிந்துதான் அடிக்கிறான். வழக்கு என்று வந்ததும் நீங்கள் எந்தச் சாதியும் இல்லாதவர் ஆகிவிடுகிறீர்கள். 2025ல் ஆந்திர உயர்நீதிமன்றம் ஒரு போதகரின் வழக்கில் இதையே சொன்னது.

தனி ஊராட்சியில் தலைவர் பதவிக்கு நிற்கக் கூடாது. தனித் தொகுதியில் நிற்கக் கூடாது. கேரளத்துத் தேவிகுளத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன தலித் குடும்பத்தில் வந்த சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் தேர்தலை 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. சான்றாக வந்தவை குண்டளை சிஎஸ்ஐ கோயிலின் பதிவேடுகள். 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அதை மாற்றி அவர் தேர்தல் செல்லும் என்றது. முடிவு எப்படியும் இருக்கட்டும். நீதிமன்றத்தில் கோயில் பதிவேடு பேசுகிறது பாருங்கள், இவர் கிறிஸ்தவரா இல்லையா என்பதற்கு. அதே கோயில்களின் கல்லறைகள் சொல்லும் சாட்சியை மட்டும் யாரும் அழைப்பதில்லை.

2024 நவம்பரில் வந்த செல்வராணி வழக்குத் தீர்ப்பு இன்னொன்று. புதுச்சேரிப் பெண். ஞானஸ்நானம் பெற்றவர், கோயிலுக்குப் போகிறவர்; வேலைக்காக இந்து வள்ளுவர் என்று சான்றிதழ் கேட்கிறார்; இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்சநீதிமன்றம். என்னிடம் "பாவமா" என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கொடுத்த பதில் அதுதான்: மோசடி. ஒருவர் மனதில் இருக்கும் நம்பிக்கையையும் அவர் வயிற்றுப்பாட்டையும் எதிரெதிராக நிறுத்தி, ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லும் சட்டத்தை மோசடி என்று யாரும் சொல்வதில்லை.

இந்த இடத்தில் நம் அம்பேத்கரியத் தோழர்கள் சிலர் கேட்பதுண்டு. "அப்புறம் ஏன் சர்ச்சுல இருக்கீங்க? வெளிய வாங்க, பௌத்தத்துக்கு வாங்க." கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் மதம் என்பது மேடையில் எடுக்கும் அரசியல் முடிவு மட்டும் இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது சொல்லும் ஜெபம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் போடும் சிலுவை, செத்தவர்களை நினைத்துப் பெயர் சொல்லிக் கேட்கும் பூசை. இந்தக் கோயிலைக் கட்ட எங்கள் தாத்தாக்கள் மண் சுமந்தார்கள். அதைச் சாதிக்காரர்களிடம் சும்மா விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்றும் யோசிக்கத்தானே வேண்டும்.

விட்டுப் போனவர்களையும் மதிக்கிறேன். கன்னியர் மடத்துக்குப் போய், உள்ளே நடப்பதைப் பார்த்து வெளியே வந்த பாமா 1992ல் 'கருக்கு' எழுதினார். அது வரும்வரை மடத்துச் சுவருக்குள் நடந்த சாதியைப் பற்றி இப்படி வெளிப்படையாக எழுதிய தமிழ்ப் புத்தகம் நம் கையில் இல்லை. உள்ளே இருந்தே வேலை செய்தவர்களும் உண்டு. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று எல்லோருக்கும் தெரிந்தவர், பறையைக் கோயில் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சாவுக்கு அடிப்பது என்று சாதிக் கிறிஸ்தவர்கள் ஒதுக்கிய கருவி. கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடினால்தான் பக்தி என்றிருந்த இடத்தில் நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டினார். கடவுளைப் 'பெத்தவரே' என்று கூப்பிட்டார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதுதான் நற்கருணை என்பது அவர் இறையியல். கேட்க எளிதாக இருக்கும். நம் ஊர்த் திருவிழாவில் அசனம் யார் சமைக்கிறார்கள், யார் முதல் பந்தியில் உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டு மறுபடி யோசியுங்கள்.

அடுத்தது பங்கு குறித்த பயம். 18 சதவீதத்தில் கிறிஸ்தவர்களும் வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும் என்று இந்து தலித் தோழர்கள் கேட்கிறார்கள். சபை மேடைகளில் இந்தக் கேள்வியை மழுப்புகிறார்கள். மழுப்பக் கூடாது, அது நியாயமான பயம். ஆட்கள் கூடினால் அதற்கேற்ப ஒதுக்கீட்டின் அளவும் கூட வேண்டும் என்பதைக் கோரிக்கையின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்து வசதியோடு வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைகள் மொத்தத்தையும் அள்ளிவிடுவார்கள் என்ற வாதத்துக்கு, அந்தப் பள்ளிகளில் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகள் எத்தனை பேர், ஆசிரியர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை மறைமாவட்டங்கள் வெளியிட்டால் பதில் கிடைத்துவிடும். கேட்டுப் பாருங்கள், தருகிறார்களா என்று.

இதுதான் என் கட்டுரையின் மையம். சபைத் தலைமை டில்லியில் வழக்காடி, ஊரில் குற்றவாளி. டில்லிக்குப் போய் தலித் கிறிஸ்தவருக்கு உரிமை கொடு என்று கேட்க, எங்கள் சபையில் தீண்டாமை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால், அதைச் செய்தது யார் என்ற கேள்வி வரும். அதனால் பாதி நிரூபிக்கிறார்கள். 2003ல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே சாதிப் பாகுபாடு கிறிஸ்தவத்துக்கு எதிரானது என்று சொல்லிவிட்டார். பத்து அம்சத் திட்டம், பிறகு எட்டு அம்சத் திட்டம் என்று ஆயர் பேரவை அறிவித்தது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டது. நல்லது. 2022ல் ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் கொடுத்த பதிலில் கிறிஸ்தவத்தில் தீண்டாமை கிடையாது என்றது. செய்கிறவர்களே ஒத்துக்கொண்ட ஒன்றை அரசு இல்லை என்கிறது. இந்த நாட்டில் எத்தனையோ வேடிக்கை.

இதற்கு நடுவில் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ல் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. அதைக் களத்துக்குப் போகாமல் அறைக்குள் உட்கார்ந்து எழுதியது என்று அரசு தள்ளியது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உரிமை கோரித் தீர்மானம் போட்டது. எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: களச் சான்று எங்கே?

ஏறையூரில் இருக்கிறது. அன்றைய விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி. ஜெபமாலை அன்னை கோயில் பெரியது, பழையது. வன்னியக் கிறிஸ்தவர்களின் ஆதிக்கம். தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனி வழி. அவர்கள் தங்களுக்கென்று சகாய மாதா கோயில் கட்டி, அதைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9 அன்று தலித் குடியிருப்பின் மேல் தாக்குதல், பிறகு போலீஸ் துப்பாக்கிச் சூடு. வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். தவக்காலம் அது. பாடுகளைத் தியானிக்கும் நாற்பது நாள். செத்த இரண்டு பேரும் ஏழைகள் வீட்டு ஆட்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரில் இருக்கிறது. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்து மக்கள் கோயிலில் சம உரிமை கேட்டு நடத்திய வழக்கு 2025ல் உச்சநீதிமன்றம் வரை போனது, அந்தக் கட்டிலும் இருக்கிறது. பெயர் வெளியே தெரியாத எத்தனையோ ஊர்களில், சப்பரம் காலனிக்குள் வராமல் திரும்பும் தெருமுனையில் இருக்கிறது.

அதனால் ஆகஸ்ட் 10 கறுப்புக் கொடியோடு நிற்காமல், நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கும் ஒரு வேலை வைத்துக்கொள்ளலாம் என்று மாணவத் தோழர்களுக்குச் சொல்லிவருகிறேன். அன்றைக்கு எல்லாக் கல்லறைத் தோட்டமும் திறந்திருக்கும், எல்லோரும் வருவார்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு நோட்டு, ஒரு போன் போதும். எத்தனை வாசல்? நடுவில் சுவரா, வேலியா, வாய்க்காலா, அல்லது எல்லோருக்கும் தெரிந்த கண்ணுக்குத் தெரியாத கோடா? எந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய், விளக்கு? சாமியார் மந்திரிக்க முதலில் எந்தப் பக்கம் போகிறார், இன்னொரு பக்கம் போகிறாரா? சவ வண்டி காலனிக்கு வருமா? குழி தோண்டுவது யார், யாருக்கெல்லாம் தோண்டுகிறார்? தேதி, பங்கின் பெயர், மறைமாவட்டம் எழுதுங்கள். பேசியவர்களின் பெயரை எழுத வேண்டாம், அவர்கள் அந்த ஊரில் வாழ வேண்டியவர்கள். இதே கேள்விகளைச் சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளிலும் கேளுங்கள். சுவர் இல்லாத ஊர் இருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், அங்கே யார் எப்போது இடித்தார்கள் என்பதோடு.

எழுதியதை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று ஆணையத்துக்கும் வழக்கறிஞர்களுக்கும். இன்னொன்றை அந்த மறைமாவட்ட ஆயருக்குத் தபாலில் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள்.